ஒன்பது நாள் தாமதம்

ஹெல்ப்டெஸ்க் தொலைபேசி காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். திறந்த மறு நொடியே வருகிற முதல் அழைப்பு யாருடையது என்று ஜெயப்பிரியாவுக்கு எண்ணைப் பார்க்காமலே தெரியும்.

"இன்னா மேடம், இன்னிக்கும் அதே கததான். வி.பி.என். பச்ச ஆயிடிச்சி. லாகின் மட்டும் நெட்வொர்க் இல்லன்றான்."

"லைன்ல இருங்க சார். பாக்குறேன்."

"நான் எங்க போப்போறேன்? கீறேன், கீறேன்."

கஜபதிக்கு ஐம்பத்தேழு வயது. நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. காப்பீடு கேட்டு வருகிறவர்களின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவி லோகநாயகிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி. ஜெயப்பிரியா அதே கம்பெனியின் கணினிப் பிரிவில் இருக்கிறாள். அவளும் திருவேற்காட்டில் தன் வீட்டிலிருந்தேதான் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

கஜபதியின் பிரச்சனை சின்னதுதான். அவருடையது பழைய மடிக்கணினி. காலையில் அதைத் திறந்ததும் உள்ளே இருக்கிற லாகின் சர்வீஸ் கம்பெனியின் சர்வரைத் தேடும். அந்த நேரத்தில் வி.பி.என்., அதாவது வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகிற இணையப் பாதை, இணைந்திருக்காது. சர்வர் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு அது உட்கார்ந்துவிடும். அப்புறம் கஜபதி வி.பி.என்.னை இணைப்பார். பாதை திறந்துவிடும். ஆனால் பாதை திறந்த விஷயம் லாகின் சர்வீஸுக்குத் தெரியாது. திரும்ப ஒரு தரம் எட்டிப் பார்க்கவும் அதற்குத் தோன்றாது. அது ஆமாம் என்று சொன்னால்தான் வருகைப் பதிவு விழும். யாராவது போய் அதை நிறுத்தி மறுபடி ஓட விட வேண்டும். அந்த உரிமை ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

சர்வரை மாற்றியதிலிருந்து வந்த இந்தத் தொல்லை புதிய மடிக்கணினிகளில் இல்லை. பழையது வைத்திருந்த மற்றவர்கள் எல்லாம் அம்பத்தூர் போய் மாற்றிக்கொண்டார்கள். கஜபதியால் அரை நாள் வீட்டை விட்டு நகர முடியவில்லை.

அதனால் தினமும் காலையில் ஜெயப்பிரியா தன் இடத்திலிருந்து அவர் கணினிக்குள் போய் அந்தச் சர்வீஸை நிறுத்தி ஓட விடுவாள். அது எழுந்து, சர்வரைக் கண்டுபிடித்து, பதிவு விழ ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்த ஐந்தாறு நிமிடமும் இருவரும் தொலைபேசியில் சும்மா இருக்க முடியாது. முதல் இரண்டு நாள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் அவர், "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ம், ஆச்சு சார்."

"இன்னா சாப்டீங்க?"

ஜெயப்பிரியா பற்றவைக்காத அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"சாப்டலயா? மணி ஒம்போது ஆச்சி. இன்னா மேடம் நீங்க? தோ, எங்க ஊட்ல நான்தான் சமையலு. காலையிலயே காராமணி கொழம்பு வெச்சி இறக்கிட்டேன். ஆம்பள நானே செய்றேன்."

மறுநாள் அவள் எட்டரை மணிக்கே தோசை வார்த்துத் தின்றுவிட்டு உட்கார்ந்தாள். அவர் கேட்டபோது உண்மையையே சொன்னாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆவடி டிபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஃபேக்டரி வேலையில் ஓய்வு பெற்றதும் அம்மாவோடு தென்காசிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கல்யாணம் ஆறு வருடம் நடந்து கோர்ட்டில் முடிந்தது. சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். குழந்தை கிடையாது. இப்போது இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. தண்ணீர் கேன் போடுகிற பையன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். காய்கறிகூட போனில் அழுத்தினால் வந்துவிடும். வேலை நேரத்தில் நாளுக்கு முப்பது பேர் கூப்பிடுவார்கள். எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள். பிரச்சனை தீர்ந்ததும் 'ஓகே' என்று துண்டித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரை சில வாரங்களில் அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. திங்கட்கிழமை முதல் அழைப்பில் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பாள்.

கஜபதி மட்டும் அவசரப்படவில்லை. மெல்ல மெல்ல 'மேடம்' போய் 'மா' வந்தது. அரக்கோணம் லோக்கல் போகிற சத்தம் அவர் பக்கத்தில் கேட்கும். அது தாண்டும் வரை இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். பின்னால் கட்டிலில் இருந்து லோகநாயகி ஏதோ குழறுவதும் கேட்கும்.

"இன்னான்றாங்க சார்?"

"யாரு கூட பேசிக்கினு கீறேன்னு கேக்குறா. கம்ப்யூட்டர் மேடம்னேன். மொறைக்கிறா."

ஜெயப்பிரியா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வெற்று வீட்டில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. அந்த நாட்களில் அவர் பெயரில் ஹெல்ப்டெஸ்க் புகார் ஒன்று திறந்தே இருந்தது. அது திறந்திருக்கிற வரை வருகைப் பதிவு ஒன்பதைத் தாண்டி விழுந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே புகார் இத்தனை நாள் கிடப்பதைப் பார்த்து அவளுடைய மேலாளர் கோகுல்நாத் ஒருநாள் செய்தி அனுப்பினான். வயதில் அவளைவிடப் பத்து வருடம் சின்னவன். 'இதுக்கு ஒரு நிரந்தரத் தீர்வு பாருங்க மேடம்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை அவள் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று மணி நேரத்தில் தீர்வு கிடைத்துவிட்டது. வி.பி.என். இணைந்த உடனே லாகின் சர்வீஸைத் தட்டி 'பாதை மாறியிருக்கிறது, மறுபடி பார்' என்று சொல்கிற ஏழு வரி நிரல். தன் மேசையடியில் கிடந்த அதே மாதிரிப் பழைய கணினி ஒன்றில் போட்டுப் பார்த்தாள். இணைத்த நாலாவது நொடியில் லாகின் ஆனது. துண்டித்து இணைத்தாள். மறுபடியும் ஆனது. 'தீர்வு கிடைத்தது' என்று எழுதிப் புகாரை மூடினாள். திங்கட்கிழமை காலையில் கஜபதியின் கணினியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

திங்கட்கிழமை அவர் கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது.

"ஏம்மா, நேத்து ஒண்ணு நடந்துச்சி. தண்ணின்னுட்டா! தெளிவா! ரெண்டு வருசமா ம்ம், ஆங்னுதான் சொல்லிக்கினு இருந்தா. நேத்து நான் டம்ளர எடுக்கறதுக்குள்ள, தண்ணின்றா. எனக்குக் கை கால் ஓடல."

"அப்புறம் வேற ஏதாவது சொன்னாங்களா சார்?"

"இல்ல. அதோட நிறுத்திக்கினா. நாளைக்கி இன்னா சொல்றான்னு பாப்போம்."

ஜெயப்பிரியாவின் கை விசைப்பலகையில்தான் இருந்தது. நிரலை ஏற்ற ஒரு நிமிடம் போதும். 'நாளைக்கு' என்று அவர் சொன்ன சொல்லில் அவள் நின்றுவிட்டாள். வழக்கம்போல சர்வீஸை நிறுத்தி ஓட விட்டாள். ஒரே ஒரு நாள்தானே, நாளைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை லோகநாயகி எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை 'போ' என்று சொன்னாள். "மொத மொதல்ல என்ன பாத்து சொன்ன வார்த்த அதான் மா" என்று கஜபதி சிரித்தார். வியாழன், வெள்ளி, அடுத்த திங்கள். ஒவ்வொரு நாளும் அவள் நிரலைத் திறந்து பார்த்து மூடி வைத்தாள். இதனால் யாருக்கு என்ன கெட்டுப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவரும்தானே பேச ஆள் இல்லாமல் இருக்கிறார். இப்படி ஒன்பது வேலை நாள் ஓடிற்று.

பத்தாம் நாள் ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. வேறு யாரோ, பாஸ்வேர்டு மறந்துவிட்ட பெண். பதினோராம் நாளும் அவர் கூப்பிடவில்லை. அவர் கணினி இணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு நாளாக அது திறக்கப்படவே இல்லை.

லோகநாயகிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தாள். மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோகுல்நாத்துக்குச் செய்தி அனுப்பினாள்: 'கஜபதி சார் லீவா?'

பதில் உடனே வந்தது. 'இல்ல மேடம். அவர் மெஷின் சரண்டர் ஆகுது. தொடர்ந்து ஒன்பது நாள் லேட் லாகின். ஹெச்.ஆர். அவரை ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. இனிமே அவருக்கு வீட்டு வேலை கிடையாது.'

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். புகாரை அவள்தான் மூடியிருந்தாள். மூடிய பிறகு விழுந்த ஒவ்வொரு தாமதமும் கஜபதியின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது அவருக்கும் தெரிந்திருக்காது. மேடம் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருப்பார்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஏறி, அயனம்பாக்கம் வழியாக எஸ்டேட் போய் இறங்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டிடத்துக்குள் நுழைகிறாள். காவலாளி அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம். கேன்டீனில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். யார் என்று எப்படித் தேடுவது எனத் தயங்கி நின்றபோதே குரல் கேட்டது.

"எனக்கு கொழம்பு வேணாம் பா. மோர் மட்டும் ஊத்து."

அவள் நினைத்திருந்தது பெரிய உடம்புக்காரரை. இவர் குள்ளமாக, ஒல்லியாக, கட்டம் போட்ட சட்டை பெரிதாய்த் தொங்க நின்றார். தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒரு மூலையில் போய்த் தனியாக உட்கார்ந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"சார், நான் ஜெயப்பிரியா. ஹெல்ப்டெஸ்க்."

அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட! நீங்களா மா? உக்காருங்க, உக்காருங்க. இம்மா நாளா பேசிக்கினு இருந்துட்டு இப்பதான் மூஞ்சியப் பாக்குறேன். சாப்டீங்களா?"

அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வாக்கியமெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அம்மா எப்டி இருக்காங்க சார்?"

"பக்கத்து ஊட்டு துலுக்கானத்தம்மா கிட்ட உட்டுட்டு வந்துகினு கீறேன். பாவம், நல்ல பொம்பளதான். ஆனா அவங்க ஊட்னா இவ வாயத் தொறக்க மாட்றா. மூணு நாளா ஒழுங்கா சாப்டல. சாயந்தரம் நான் போயி ஊட்டணும்." மோர்ச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "லேட்டு லேட்டுன்றாங்க. ஹெல்ப்டெஸ்க்ல சொல்லிகினுதான் கீறேன்னு சொன்னேன். கம்ப்ளெயின்ட் மூடியாச்சுன்றாங்க. ஒண்ணும் புரியல."

"நான்தான் சார் மூடினேன்."

அவர் பிசைவதை நிறுத்தினார்.

"சரி பண்ற வழி கெடச்சிருச்சு சார். அந்தச் சனிக்கிழமையே. திங்கக்கிழம காலைலயே உங்க மெஷின்ல போட்டிருக்கணும். நான் போடல. ஒம்பது நாளும் போடல."

"மறந்துட்டீங்களா?"

இதோ, ஒரு தலையாட்டலில் தப்பித்துவிடலாம். அவள் ஆட்டவில்லை.

"இல்ல சார். போட்டுட்டா நீங்க கூப்பிட மாட்டீங்க. அதான்."

கஜபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அதுக்கு நீங்க எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே மா" என்றார் கடைசியில். "நம்பர் கீதே உங்க கிட்ட. ஊட்ல சும்மா கீறேன், பேசணும் போல கீதுன்னு நீங்க சொன்னா, நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

அப்படி ஒரு வழி இருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை. காரணம் இல்லாமல் ஒருவரைக் கூப்பிடலாம் என்பதே அவளுக்கு மறந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"நான் எழுதிக் குடுக்குறேன் சார். தப்பு என்னுதுன்னு."

"குடுங்க" என்றார். பாதிச் சோறு மீதி இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் கூட்டம். வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நேராக மாடி ஏறிக் கோகுல்நாத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் கசக்கினான்.

"மேடம், இவ்ளோ எழுத வேணாம். 'சாஃப்ட்வேர் கோளாறு, சரி செய்யத் தாமதமானது'ன்னு ரெண்டு வரி போடுங்க. உங்களுக்கும் பிரச்சனை இல்ல."

"அப்ப அந்த ஒம்பது நாள் லேட் போகுமா?"

"அது... ஹெச்.ஆர். விசாரிப்பாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகலாம்."

"அவ்ளோ நாள் அவங்க சாப்பிடாம இருக்க முடியாது."

யார் சாப்பிடாமல் என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். கஜபதியின் கணினியிலிருந்து வி.பி.என். பதிவுகளை எடுத்து இணைத்தாள். ஒன்பது நாளும் எட்டு ஐம்பதுக்கு முன்னாலேயே அவர் இணைந்திருக்கிறார். ஒருநாள்கூட பிந்தவில்லை. தீர்வு கிடைத்த தேதியையும் எழுதினாள். ஏன் போடவில்லை என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. 'என் சொந்தக் காரணத்தால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு நாளில் உத்தரவு வந்தது. கஜபதியின் ஒன்பது தாமதங்களும் நீக்கப்பட்டன. அவர் பழையபடி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். கையோடு அவருக்குப் புதிய மடிக்கணினியும் கொடுத்தனுப்பினார்கள். ஜெயப்பிரியாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அதோடு மூன்று மாதத்துக்குத் தொலைபேசி வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இனி மின்னஞ்சலில் வருகிற புகார்கள் மட்டும்தான்.

அந்த முதல் வாரம் அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. முப்பது அவசரக் குரல்களும் போய்விட்டன. காலையிலிருந்து மாலை வரை தட்டெழுத்துச் சத்தம் மட்டும். புதன்கிழமை மதியம் கீழ்வீட்டுக்காரி ரேவதி தண்ணீர் மோட்டார் பற்றி ஏதோ கேட்கக் கதவைத் தட்டினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ஜெயப்பிரியாவுக்குக் குரல் கட்டியிருந்தது. "உடம்பு சரியில்லையா?" என்று ரேவதி கேட்டாள். "இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு, உள்ளே வரச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றிற்று. அதற்குள் ரேவதி படி இறங்கிவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கஜபதியின் எண்ணை அழுத்தினாள். ஐந்தாறு தரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், ஒவ்வோர் எழுத்தாக இழுத்து வந்தது.

"யா...ரு?"

"நான் ஜெயப்பிரியாமா. கம்ப்யூட்டர் மேடம்."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. கஜபதியின் குரல் தூரத்திலிருந்து "யாருடீ ஃபோன்ல?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தது.

"அலோ?"

"சார், நான் ஜெயப்பிரியா."

"சொல்லுங்க மேடம்" என்றார்.

மேடம். அவள் அதை விழுங்கிக்கொண்டாள். "அம்மா பேசினாங்க சார். யாருன்னு கேட்டாங்க."

"ம். இப்பல்லாம் கேக்குறா."

"சாப்பிடுறாங்களா?"

"சாப்புட்றா."

"சும்மாதான் சார் கூப்பிட்டேன். வேலை விஷயமா இல்ல."

அரக்கோணம் பக்கம் போகிற வண்டியின் சத்தம் வந்தது. அது தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

"ஊட்டிக்கினு இருந்தேன்" என்றார். "கஞ்சி ஆறிடும். அப்பறமா பேசறேன் மேடம்."

"சரி சார். மொதல்ல ஊட்டுங்க."

அந்த 'அப்பறமா' நிஜமாகச் சொன்னதா, வைத்துவிடுவதற்காகச் சொன்னதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அவர் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. மறுபடி தானாகக் கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. அவர்மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம் வந்து வேலை பார்க்கிறேன் என்று கோகுல்நாத்துக்கு எழுதினாள். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்று அவன் பதில் போட்டான். தெரியும், இருந்தாலும் வருகிறேன் என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவில் இடுக்கி உட்கார்ந்து போனாள். ஜன்னலோரமாக அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்து மேசையில் திவ்யா என்று புதிதாகச் சேர்ந்த பெண், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி யாரிடமோ பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துத் திரும்பி, "நீங்க புதுசா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பதினோரு வருஷமா இங்கதான்" என்றாள் ஜெயப்பிரியா.

"நான் பாத்ததே இல்லையே!"

"ஆமா. யாரும் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.